ரெண்டே முக்கால் வயசுப் பையனுக்கு ரத்தத்தில் ஈயம் 17. எங்கிருந்து வந்திருக்கும்?

செவ்வாய்ப்பேட்டை_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். சேலத்திலிருந்து எழுதறேன். பையனுக்கு ரெண்டே முக்கால் வயசு. கொஞ்ச மாசமா சரியா சாப்பிடறதில்லை. வயித்தை வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்கறான், மலச்சிக்கல், மண்ணையும் சுவத்தையும் சுரண்டி வாயில போடறான். ரத்தசோகைன்னு இரும்பு சிரப் குடுத்தாங்க. பாட்டில் காலியானதுதான் மிச்சம், ஹீமோகுளோபின் 9-லயே நிக்குது.

புதுசா பார்த்த டாக்டர் ஈயம் பார்த்துடலாம்னு சொல்லி, விரல்ல குத்தி ஒரு சின்ன மெஷின்ல வச்சுப் பார்த்தார். டெசிலிட்டருக்கு 17 மைக்ரோகிராம். “இப்போதைக்கு மருந்து வேண்டாம்மா, எங்கிருந்து உள்ளே போகுதுன்னு கண்டுபிடிங்க”ன்னு அனுப்பிட்டார்.

எங்க மாமியார் இன்னிக்கும் ஈயச் சொம்புலதான் ரசம் வைக்கறாங்க. ரெண்டு நாளா வீட்டுல அந்தச் சொம்பு மேலதான் விசாரணை. மாமியார் என்கூடப் பேசறதில்லை. அதுதான் காரணமா? வேற எதையெல்லாம் பார்க்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரசம்_சாதம்

சகோதரி, முதல்ல பதறாதீங்க. எங்க பாட்டி ஈயச் சொம்பு ரசம் சாப்பிட்டு 91 வயசு வரைக்கும் கண்ணாடி இல்லாம பேப்பர் படிச்சாங்க. இப்பத்தான் எதை எடுத்தாலும் விஷம், எதைத் தொட்டாலும் டெஸ்ட். மாமியார்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு ஒரு டம்ளர் ரசம் வாங்கிக் குடிங்க.

லேப்_வாசி

சொம்பு விஷயத்தை மட்டும் முடிச்சுடறேன். ரசம் வைக்கற சொம்பு வெள்ளீயத்துல செய்யறது. உடம்பைக் கெடுக்கறது காரீயம். ரெண்டும் வேற வேற உலோகம். சுத்தமான வெள்ளீயச் சொம்புன்னா பயமில்லை. ஆனா காரீயம் விலை குறைவு, சுலபமா உருகும், அதனால கலந்து வார்க்கறவங்க இருக்காங்க. அப்படிக் கலந்ததுல புளித்தண்ணியை ஊத்திக் கொதிக்க வச்சா, புளிப்பு அந்த ஈயத்தை இழுத்துக்கிட்டு வந்துடும்.

வீட்டுல ஒரு சோதனை செய்யலாம். சொம்பைக் காயவச்சு எடை போடுங்க. ஒரு வாளித் தண்ணியைத் தராசுல வச்சு, சொம்பை நூல்ல கட்டி, அடியைத் தொடாம, காத்துக்குமிழி இல்லாம முழுக்குங்க. தராசு எத்தனை கிராம் ஏறுதோ அத்தனை கன சென்டிமீட்டர் அந்த உலோகம். எடையை அதால வகுத்தா வெள்ளீயத்துக்கு 7.3 வரணும். காரீயம் 11.3. எட்டுக்கு மேல போனா சொம்பைப் பரண்ல ஏத்திடுங்க.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. பத்துல ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தாக்கூட 7.6-தான் வரும். சமையலறைத் தராசு அந்த வித்தியாசத்தைப் பிடிக்காது. நகைக்கடையில தங்கம் பார்க்கற எக்ஸ்ரே மெஷின் மாதிரி ஒண்ணு பெரிய பழைய உலோக வியாபாரிங்ககிட்ட இருக்கும், அதுல காட்டுங்க. நகைக்கடை மெஷினைத் தங்கத்துக்குன்னே அமைச்சிருந்தா ஈயத்தைக் காட்டாமலே போகலாம்.

பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசறதுலயும் இதே கலப்படம் உண்டு. ஆனா ரசம் வீட்டுல எல்லாரும்தானே குடிக்கறீங்க? பெரியவங்க யாருக்காவது டெஸ்ட் எடுத்தீங்களா?

டாக்டர்_மாலைநேரம்

குழந்தைகள் மருத்துவம் என் தொழில். நேரில் பார்க்காத குழந்தைக்கு இங்கே வைத்தியம் சொல்ல முடியாது. பொதுவாகத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில், விரலில் குத்தி எடுத்த அளவை இறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விரல் தோலில் ஈயத்தூள் ஒட்டியிருந்தால் அதுவும் துளி ரத்தத்தில் சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் அந்த அறிக்கை வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம்.

17 என்பது அதிகம்தான். 5 அல்லது அதற்கு மேல் இருந்தாலே மூலத்தைத் தேடி நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டியது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது என்பதும் அவர்கள் நிலைப்பாடு. உடம்பிலிருந்து ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்து பொதுவாக 45-ஐத் தொட்டால்தான். உங்கள் டாக்டர் மருந்து எழுதாதது அலட்சியம் இல்லை, சரியான முடிவு.

வயிற்று வலியும் மலச்சிக்கலும் ஈயத்தால்தான் வந்தன என்று நான் சொல்ல மாட்டேன். அவை வழக்கமாக இதைவிட மிக அதிகமான அளவில் வருபவை. ரத்தசோகை வேறு கதை. குடலில் இரும்பு நுழையும் அதே வாசல் வழியாகத்தான் ஈயமும் நுழைகிறது. இரும்பு குறைந்த குழந்தைக்கு உடம்பு அந்த வாசலை அகலத் திறந்து வைக்கும். இரும்புக் குறைவால் மண் தின்னும் ஆசையும் வரும். மண்ணோடு ஈயம் உள்ளே போகும். போன ஈயம் ரத்தச் சிவப்பணு தயாராகும் வேலையைக் கெடுக்கும். சிரப் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் இந்தச் சுற்று அறுபடாது.

நாம் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தால், சின்னக் குழந்தைக்குப் பாதிக்குப் பாதி சேரும். கால்சியம் என்று நினைத்து எலும்பு அதை வாங்கி வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் இருப்பது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும், எலும்புக்குள் போனது இருபது முப்பது வருஷம் தங்கும். மூளை வளரும் வயதில் நரம்புகளுக்குள் கால்சியம் செய்ய வேண்டிய வேலையில் இது குறுக்கே புகுவதுதான் பெரிய கவலை.

கொஞ்சம்தானே என்று விடவும் முடியாது. பல நாட்டுக் குழந்தைகளின் கணக்குகளைச் சேர்த்து 2005-இல் வந்த ஓர் ஆய்வில், ரத்த ஈயம் 2.4-இலிருந்து 10-க்குப் போகும்போது நுண்ணறிவு எண் சராசரியாக 3.9 குறைந்தது. 10-இலிருந்து 20-க்குப் போகும்போது மேலும் 1.9. 20-இலிருந்து 30-க்கு 1.1. ஆக, பெரிய அடி விழுவது ஆரம்பத்திலேயே. தனி ஒரு குழந்தையின் தலையெழுத்தை இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் மகன் பேசுவான், படிப்பான். அதனால் பயந்து ஒடுங்க வேண்டாம்.

ஸ்கார்பரோ_சிவா

தங்கச்சி, மஞ்சள்தூளைப் பாத்தனீங்களோ? பங்களாதேசில கர்ப்பிணிப் பெண்களுக்கு ஈயம் கூட இருக்கெண்டு தேடிக்கொண்டு போய்க் கடைசியில மஞ்சளில பிடிச்சவை. கிழங்கு பளிச்செண்டு தெரியிறதுக்கு லெட் குரோமேட் எண்ட மஞ்சள் சாயத்தைப் பூசியிருக்கினம். 2019-ல அரசாங்கம் சந்தையில இறங்கித் தண்டப்பணம் போட்டு, பேப்பரிலயும் போட்டு நாறடிச்சவுடன, ஈயம் இருந்த மாதிரிகள் 47 வீதத்திலயிருந்து 2021-ல பூச்சியத்துக்கு வந்திட்டுது.

சியாட்டில் பக்கம் ஆப்கான் அகதிப் பிள்ளைகளுக்கு ஏன் ஈயம் கூட எண்டு பாத்த இடத்தில, கொண்டு வந்த அலுமினியக் குக்கரும் சட்டியும் எண்டு தெரிஞ்சுது. பழைய உலோகம், எஞ்சின் கழிவெல்லாம் உருக்கி வாக்கிற மலிவுச் சட்டி. ஊரில இந்தாலியம் எண்டு சொல்லுவினமே, அதையும் ஒருக்காப் பாருங்கோ.

ஈரோட்டு_மஞ்சள்

ஏனுங்க, மஞ்சள்னதும் எங்க ஊர் ஞாபகம் வந்துருதுங்களா? நாங்க மூணு தலைமுறையா மஞ்சக் காடுங்க. வெட்டி, வேகவச்சு, களத்துல காயப்போட்டு, டிரம்முல போட்டுச் சுத்திப் பாலிஷ் போடுவோம். விரலி தனி, கிழங்கு தனி. டிரம்முல மஞ்சப்பொடி தூவறது உண்டு, இல்லைன்னு சொல்லலை. அது மஞ்சளையே அரைச்ச பொடிங்க. சாயம் பூசறது எங்கயோ நடுவுல கைமாறற எடத்துல நடக்கற வேலை. பாட்னாப் பக்கம் பிடிச்சாங்கன்னு நானும் படிச்சேன்.

அளவுக்கு மீறி மின்னுற மஞ்சளை வாங்காதீங்க. கிழங்கா வாங்கிக் கழுவிக் காயவச்சு அரைச்சுக்கங்க. கையில தேச்சா பளீர்னு ஒட்டற மஞ்சள் எனக்குச் சந்தேகந்தான்.

ஸ்கார்பரோ_சிவா

அண்ணை, ஈரோட்டைச் சொல்லேல்லை. ஆனா பாட்னாவில சில மாதிரிகளில கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல இருந்தது. இந்தியச் சட்டம் விடுறது 10. நடுவில கைமாறுற இடமெண்டு சொல்லிப்போட்டு விடேலுமோ?

ஈரோட்டு_மஞ்சள்

விடச் சொல்லலீங்க. எங்க விலையையும் அவங்கதான் கெடுக்கறாங்க.

பழைய_பேப்பர்

ரசம்_சாதம் அவர்களின் 91 வயசுப் பாட்டிக்கு என் வணக்கம். அந்த வாதம் மட்டும் எனக்குப் பழக்கப்பட்டது. ஈயக் கம்பெனிக்காரர்கள் அரை நூற்றாண்டு சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: யாராவது செத்து விழுந்தார்களா, காட்டு!

விழுந்தும் இருக்கிறார்கள். இன்ஜின் முட்டாமல் ஓட பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார். 1924-இல் நியூஜெர்சி சுத்திகரிப்பு ஆலையில் அந்த ஈயக் கலவையைத் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்து, ஐந்து பேர் இறந்தார்கள். அதற்கப்புறமும் உலகம் முழுக்க அதைத்தான் ஊற்றினார்கள்.

பூமிக்கு வயது 455 கோடி வருஷம் என்று கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன், அந்த அளவையை எடுக்கப் போனபோது ஆய்வகத்தில் எதைத் தொட்டாலும் ஈயம் ஒட்டியிருப்பதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் திரும்பினார். மிச்ச வாழ்க்கை அந்தக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுவதில் போயிற்று.

ஆனால் எனக்குப் பிடித்தவர் ஹெர்பர்ட் நீடில்மன். குழந்தை மருத்துவர். ரத்தத்தில் இன்றைக்கு இருப்பதுதானே தெரியும், போன வருஷம் உள்ளே போனது எங்கே தெரியும் என்று யோசித்தவர், ஒண்ணாம் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விழுந்த பால்பற்களை வாங்கிச் சேர்த்தார். பல்லில் ஈயம் கூடிய பிள்ளைகளுக்கு நுண்ணறிவுத் தேர்வில் மதிப்பெண் குறைவு, வகுப்பில் கவனம் குறைவு. நோயாளி என்று ஒருவரும் சொல்லாத, தெருவில் ஓடி விளையாடும் பிள்ளைகள் அவர்கள். 1979-இல் அது வெளிவந்தது. தொழில் தரப்பிலிருந்து அவர் மேல் மோசடிப் புகாரே கிளப்பினார்கள், விசாரணையில் நிற்கவில்லை.

1970-களின் கடைசியில் அமெரிக்கச் சிறு குழந்தையின் சராசரி ரத்த ஈயம் 15. இன்றைக்கு ஒன்றுக்கும் கீழே. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது 2000-இல், கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல். பெட்ரோல் ஒழிந்த பிறகு சென்னையில் எழுநூற்றுச் சொச்சம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்தபோதும் சராசரி 11-ஐத் தாண்டியது. அதாவது மூலம் பெட்ரோல் மட்டும் இல்லை.

ரசம்_சாதம்

அப்போ 2000-க்கு முன்னாடி மெட்ராஸ்ல பொறந்த நாங்க எல்லாரும் மக்குங்கறீங்க. நல்லது. என் மனைவி ரொம்ப நாளா சொல்றதுக்கு இப்ப ஆதாரம் கிடைச்சுது.

பழைய_பேப்பர்

இன்னும் நாலு மதிப்பெண் கூட வாங்கியிருப்பீர்கள், அவ்வளவுதான். பாட்டி விஷயத்தில் ஒன்று: பெரியவர்களுக்கு ஈயம் செய்வது ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம். 2021-இல் மட்டும் உலகத்தில் 15 லட்சத்துக்கு மேற்பட்ட சாவுகளுக்கு ஈயம் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பெரும்பாலும் இதய நோய். எந்த இறப்புச் சான்றிதழிலும் ஈயம் என்று எழுத மாட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டை_அம்மா

எல்லாருக்கும் நன்றி. சொம்பைத் தண்ணியில முழுக்கிப் பார்த்தோம், 7.4 வந்துச்சு. பழைய உலோக வியாபாரிகிட்டயும் மெஷின்ல காட்டினோம், காரீயம் இல்லை. மாமியார் இப்ப பேசறாங்க, கொஞ்சம் அதிகமாவே பேசறாங்க.

மஞ்சள் நாங்க கிழங்கா வாங்கி மில்லுல அரைக்கறதுதான். சுவர் சுண்ணாம்பு அடிச்சது. ஜன்னல் கம்பியில பழைய பச்சைப் பெயின்ட் இருக்கு. அதைச் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சுடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். கீழ் போர்ஷன்ல அவரோட இன்வெர்ட்டர் பேட்டரி கடை, வேலை இருக்கறதால ஞாயித்துக்கிழமைதான் செய்ய முடியும்.

பெரியவங்க யாருக்கும் இன்னும் டெஸ்ட் எடுக்கலை.

காயலான்_கடை

அம்மா, ஜன்னலை விடுங்க. கீழ பேட்டரி கடையா? நீங்க ஏன் இதை முதல்லயே சொல்லல?

லேப்_வாசி

நானும் அதைக் கேட்கத்தான் வந்தேன். ஜன்னலைத் தயவுசெஞ்சு சுரண்டாதீங்க. பெயின்ட்ல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுங்கற விதி 2017-லதான் நடைமுறைக்கு வந்தது. பழைய பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எனாமல்ல நிறையவே இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேச்சீங்கன்னா இப்ப கம்பியில ஒட்டிக்கிட்டு இருக்கறது வீடு முழுக்கத் தூளாயிடும்.

செவ்வாய்ப்பேட்டை_அம்மா

கடை தனி வாசல்ங்க. அவர் பேட்டரி விக்கறதும் சர்வீஸும்தான். ஈயம் உருக்கறதெல்லாம் கிடையாது, பழைய பேட்டரியைக் கம்பெனிக்கே திருப்பிடுவார். அவர் உடம்புக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருக்கார்.

காயலான்_கடை

நான் பத்து வயசுலேருந்து பேட்டரி வேலை. ஆரம்பத்துல காயலான் கடையில பெட்டியை உடைச்சு பிளேட்டை உருவறது, அப்புறம் சொந்தக் கடை. உருக்காத கடையிலயும் ஈயம் எப்படி வருதுன்னு நான் சொல்றேன், உங்க வீட்டுக்காரரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

சர்வீஸுக்கு வர்ற பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா பூ பூத்திருக்கும். அதை என்ன பண்ணுவோம்? உடைஞ்ச ஆக்ஸா பிளேடால சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, வாயால ஊதுவோம். அந்த வெள்ளைப் பொடி முழுக்க ஈய உப்பு. டெர்மினல் தேஞ்சிருந்தா கேஸ் டார்ச்சைப் பத்தவச்சு ஈயக் குச்சி ஊத்தி, அரத்தால ராவுவோம். இதை யாரும் உருக்கறதுன்னு கணக்குல சேர்க்க மாட்டாங்க. மூடியைத் திறந்து பார்க்கறப்ப ஆசிட் சிந்தும், அதுல கருப்பா சேறு மாதிரி வரும், அதுவும் ஈயம். தரையில காஞ்சுடும். சாயங்காலம் பையன் துடைப்பத்தால கூட்டுவான். ஒரு மூட்டம் கிளம்பும். வெயில் அடிக்கற நேரம்னா கதவு இடுக்குல நல்லாவே தெரியும்.

அப்புறம் அதே சட்டையோட மாடிக்குப் போவோம். பையன் அப்பான்னு ஓடி வருவான், தூக்கிக் கொஞ்சுவோம். அவன் தோள்ல மூஞ்சியைத் தேய்ப்பான், சட்டைக் காலரைக் கடிப்பான். வாசல்ல கழட்டிப் போட்ட செருப்புல விளையாடுவான். துணியை எல்லார் துணியோடயும் ஊறப்போடுவோம்.

எனக்கும் ஒண்ணும் இல்லைன்னுதான் இருந்தேன். மூட்டு வலி, தலைவலி, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறது, ராத்திரி தூக்கம் இல்லை. ஒரு முகாம்ல பார்த்தப்ப 38. பிரஷருக்கு இன்னிக்கும் மாத்திரை போடறேன்.

செனகல்ல டக்கார் பக்கம் தியாரோய் சுர் மேர்னு ஒரு ஊரு. பேட்டரி உடைச்ச மண்ணைச் சலிச்சு ஈயம் பொறுக்கினாங்க. 2007 கடைசியிலேருந்து சில மாசத்துக்குள்ள 18 பிள்ளைங்க போயிடுச்சு. உங்க வீட்டு நிலைமை அது இல்லை, பயமுறுத்தச் சொல்லலை. ஆனா அதே சாமான்தான்.

செய்ய வேண்டியது: கடைக்குன்னு தனிச் சட்டை, தனிச் செருப்பு, ரெண்டும் கடையோட நிக்கணும். குளிச்சு முடிச்சுட்டுத்தான் பிள்ளையைத் தொடணும். துடைப்பத்தைத் தூக்கிப் போடுங்க, ஈரத்துணிதான். டெர்மினலைத் தண்ணி தெளிச்சுட்டுச் சுரண்டணும், ஊதக் கூடாது. கடை டம்ளர்ல டீ குடிக்கறதும், அதே கையோட பீடி பத்த வைக்கறதும் நிக்கணும். முடிஞ்சா கடையவே வீட்டை விட்டு மாத்திடுங்க. நான் மாத்தினேன், வாடகை கடிக்குது, ஆனா மாத்தினேன்.

நலம்_வாழ்க

அன்பு சகோதரி, எங்களிடம் 21 நாளில் எல்லா உலோக நஞ்சும் சிறுநீரில் இறங்கும் மூலிகை லேகியம் உள்ளது. கொத்தமல்லிச் சாறும் தினமும்

[மட்டுறுத்துநர்: விளம்பரம். மிச்சப் பகுதியும் எண்ணும் நீக்கப்பட்டன.]

டாக்டர்_மாலைநேரம்

நீக்கியது நல்லது. இந்த வயதுக் குழந்தைக்கு எந்த லேகியமும் பற்பமும் வேண்டாம். சில உலோக மருந்துகளிலேயே ஈயம் இருந்திருக்கிறது. கொத்தமல்லியை ரசத்தில் போடுங்கள், வாசனைக்கு.

சாப்பாட்டில் உண்மையாகவே பலன் தருவது எளிமையானது. வயிறு காலியாக இருந்தால் ஈயம் அதிகம் ஏறும், ஆகவே சின்னச் சின்னதாக அடிக்கடி கொடுங்கள். கேழ்வரகுக் கூழ், பால், முட்டை, முருங்கைக்கீரை, கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ. இரும்பு சிரப்பை டாக்டர் சொன்ன அளவில் தொடருங்கள், டீயோடும் பாலோடும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். சாப்பிடும் முன் கை கழுவுவது இவை எல்லாவற்றையும் விட முக்கியம்.

செவ்வாய்ப்பேட்டை_அம்மா

ரொம்ப நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும்.

நரம்புல எடுத்த ரத்தத்துல பையனுக்கு 15. எனக்கு 6, மாமியாருக்கு 4. வீட்டுக்காரருக்கு 41. ரிப்போர்ட்டைக் கையில வாங்கிப் பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. மறுநாளே சட்டை செருப்பெல்லாம் கீழேயே. கடையை மெயின் ரோட்டுக்கு மாத்தியாச்சு, அட்வான்ஸுக்கு என் வளையல் போச்சு.

மூணு மாசம் கழிச்சு எடுத்தப்ப பையனுக்கு 11. இன்னும் வேகமா இறங்கும்னு நினைச்சேன். ஹீமோகுளோபின் 10.8 ஆயிருக்கு. மண் தின்னறது குறைஞ்சிருக்கு.

ரெண்டு கேள்வி. கடை இருந்த தரையையும் அதுக்குப் பின்னாடி இருக்கற மண்ணையும் என்ன செய்யறது? அங்கதான் ஆசிட் ஊத்துவாங்க. அடுத்தது, கடையில வேலை பார்க்கற பையனுக்கு இப்பத்தான் 19 வயசு, கல்யாணம் ஆகி பொண்டாட்டி அஞ்சு மாசம். அவன் துணியையும் அவதான் துவைக்கறா. அவங்களும் பார்க்கணுமா?

காயலான்_கடை

மண்ணைத் தோண்டி வெளிய கொட்டாதீங்க, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகும். தண்ணி தெளிச்சு அமுக்கி, மேல சுத்தமான மண் போட்டு, கான்கிரீட் போட்டு மூடிடுங்க. கடைத் தரையைச் சோப்புத் தண்ணியில திரும்பத் திரும்பத் துடைங்க, துடைச்ச துணியை மறுபடி வீட்டுல உபயோகிக்க வேண்டாம். கொல்லையில கீரை போட்டிருந்தா பிடுங்கிடுங்க, தின்ன வேண்டாம்.

டாக்டர்_மாலைநேரம்

11-க்கு இறங்கியது நல்ல போக்கு. எலும்பில் சேர்ந்தது மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும், அதனால் இறக்கம் மெதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பையனுக்கும் அவன் மனைவிக்கும் இந்த வாரமே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள், முக்கியமாக அந்தப் பெண்ணுக்கு. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். கர்ப்பத்தில் எலும்பு கரைந்து கால்சியம் கொடுக்கும்போது, பழைய ஈயமும் கூடவே வரும். அவர் சிறுவயதில் எங்கே வளர்ந்தார், வீட்டில் யாராவது இதே வேலை செய்தார்களா என்றும் கேளுங்கள். பிரசவத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் புருஷன் பேட்டரி வேலை என்று வாய்விட்டுச் சொல்லட்டும், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். கால்சியம் மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள். இன்றிலிருந்து அவன் துணியை அவனே கடையில் துவைக்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டை_அம்மா

இப்பவே போன் போட்டுச் சொல்லிட்டேன் டாக்டர். டெஸ்ட் செலவு எங்களோடதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். திங்கக்கிழமை ரெண்டு பேரையும் நானே கூட்டிட்டுப் போறேன், ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடறேன்.